ஐம்பத்தொன்பது பேர், அறுபது கைகள்

1974 ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, மெல்பேர்ணின் கிளென் வேவர்லி ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த சாரணர் மண்டபத்தில் உயர்ந்த வரதராஜாவின் வலது கை, 1976 பெப்ரவரி மாதம் இரண்டாம் சனிக்கிழமை வரை இறங்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் வெண்ணெயின் விலை நான்கு முறை ஏறியது, ஒரு முறை இறங்கியது. கை மட்டும் காது மடலை ஒட்டியவாறு, விரல்கள் சற்றே மடங்கி, வகுப்பில் ஐயம் கேட்க விரும்பும் மாணவனுடையதைப் போல நின்றிருந்தது. வலி எதுவும் இருக்கவில்லை. மருத்துவர் இருவர் பார்த்துவிட்டு, கை நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்தனர்.

அப்போது வரதராஜாவுக்கு நாற்பத்தொரு வயது. கொழும்பில் படவரைஞராக இருந்தவர், மெல்பேர்ணுக்கு வந்து நீர்வழங்கல் அலுவலகமொன்றில் கழிவுநீர்க் குழாய்களின் பாதைகளை வரைந்துகொண்டிருந்தார். பண்பானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருடைய மனைவி விமலாதேவி மட்டும் அதை வேறு மாதிரிச் சொல்வார்: அவர் பிறந்ததிலிருந்து எவருக்கும் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. கட்சியில் சேர்ந்ததும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் படிவத்தையும் பேனாவையும் ஒருங்கே நீட்டினார். பேனாவைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று எண்ணிக் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் அதே பக்கத்து வீட்டுக்காரர் கட்சியை விட்டு விலகிவிட்டார்.

கட்சியின் கிளென் வேவர்லிக் கிளையில் வேட்பாளர் தெரிவுக் கூட்டம் இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பதினொரு நிமிடங்களே நடந்துவந்தது. அதில் ஒன்பது நிமிடம் தேநீருக்கு உரியது. ஒரே பெயர் முன்மொழியப்படும், எவரும் மறுக்கமாட்டார்கள், முடிந்தது. 1974 இன் தொடக்கத்தில் அந்தப் பெயருக்குரிய பாராளுமன்ற உறுப்பினர் இடுப்பெலும்பு தேய்ந்து, அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தபோது, அடுத்தவர் கிளைவ் பிரிட்சட் என்றே எல்லோரும் நினைத்திருந்தனர். மேசை, கட்டில் விற்கும் தளபாடக் கடை வைத்திருந்த பிரிட்சட் அகன்ற தோளும் அதைவிட அகன்ற சிரிப்பும் உடையவர். அப்படியிருக்க, பாடசாலைத் தாதியான டோரீன் ஹாலரனும் நிற்கக்கூடும் என்று இறைச்சிக் கடையில் ஒரு பேச்சு எழுந்தது. போட்டி வரும் என்று எவரும் சொல்லவில்லை. வரக்கூடும் என்றுதான் சொன்னார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. அந்த வாரத்திலேயே சாரணர் மண்டபத்துக் கதிரைகள் தாமாக இரு பக்கமும் விலகி, நடுவே ஒரு வழி விட்டு நின்றன. மண்டபத்தைப் பராமரித்தவர் மூன்று முறை அவற்றை ஒழுங்காக அடுக்கினார். மூன்று முறையும் அவை விலகின. பிறகு அவர் அந்த வழியைக் கூட்டித் துடைத்து, அப்படியே விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பிரிட்சட் வரதராஜாவின் வீட்டுக்கு வந்தார். விமலாதேவி வடை சுட்டிருந்தார். பிரிட்சட் கண்ணில் நீர் வழிய ஆறு வடை சாப்பிட்டுவிட்டு, ரயில் நிலையத்தில் நான்கு முகங்களுள்ள மணிக்கூடு ஒன்றை நிறுவப்போவதாகக் கூறி, ஆதரவு கேட்டார். தன் வீட்டில் சாப்பிட்ட மனிதரை வெறுங்கையோடு வாசல் கடந்து போகவிடுவது எந்த ஊரிலும் வழக்கமில்லை என்பது வரதராஜாவின் உறுதியான நம்பிக்கை. தருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை டோரீன் ஹாலரன் வந்தார். அவர் மணிக்கூட்டைப் பற்றிப் பேசவில்லை. தன் கையால் வரைந்த ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார். கழிவுநீர்க் குழாய் இன்னும் வந்து சேராத நாற்பத்துமூன்று தெருக்கள் அதில் சிவப்பு மையால் குறிக்கப்பட்டிருந்தன. அந்தத் தெருக்களில் வீடுகள் புதியவை, சமையலறைகள் மின்சாரத்தில் ஒளிர்ந்தன, ஆனால் மழை பெய்தால் கொல்லைப்புறத்துக் குழிகள் நிரம்பி வழிந்தன. அங்கிருந்து வரும் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கைத் திகதிவாரியாகத் தன்னால் சொல்ல முடியும் என்றார். இதே தெருக்களுக்கு வரதராஜா தன் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே குழாய்ப்பாதை வரைந்து முடித்திருந்தார். அந்தத் தாள்கள் ஓர் இழுப்பறையில் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். தெருக்களின் சாய்வைக்கூட அந்த அம்மையார் சரியாகக் குறித்திருந்தார். இந்த முறை வடை தேவைப்படவில்லை. முழு மனதோடு, தருகிறேன் என்றார். ஆயினும் வடை பரிமாறப்பட்டது.

ஹாலரன் போனதும் விமலாதேவி கேட்டார்.

"அப்ப பிரிட்சட்டுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"அதையேதான்."

"ரெண்டு பேருக்குமோ?"

"ரெண்டு பேரும் சாப்பிட்டவை, விமலா."

கூட்டத்துக்கு ஐம்பத்தொன்பது உறுப்பினர் வந்தனர். தலைவர் நோர்மன் முதலில் பிரிட்சட்டின் பெயரைச் சொன்னபோது முப்பது கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று வரதராஜாவுடையது. அதை உயர்த்தும்போதே, ஹாலரனுக்குக் கொடுத்த சொல் அவருக்கு நினைவுக்கு வந்தது. அடுத்து ஹாலரனின் பெயரைச் சொன்னபோது இருபத்தொன்பது கைகள் உயர்ந்தன. வரதராஜாவின் கை ஏற்கெனவே அங்கே நின்றது. அதோடு முப்பது. ஒருவர் ஒரு முறைதான் கை உயர்த்தலாம் என்று தலைவர் சொன்னார். தாம் ஒரு முறைதான் உயர்த்தியதாகவும், இறக்குவதில்தான் சிறு சிரமம் இருப்பதாகவும் வரதராஜா பணிவுடன் விளக்கினார். இரண்டு பேர் அந்தக் கையில் தொங்கிப் பார்த்தனர். மூன்றாமவர் அக்குளில் கூச்சங்காட்டிப் பார்த்தார். வரதராஜா மூவருக்கும் நன்றி சொன்னார்.

கட்சியின் யாப்பில் பதினொன்றாம் விதி, ஓர் உறுப்பினரின் கை உயர்ந்திருக்கும்வரை தலைவர் கூட்டத்தை முடித்துவைக்கலாகாது என்கிறது. எனவே கூட்டம் முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒவ்வொரு மாதமும் ஐம்பத்தொன்பது பேர் வந்தனர், முப்பதுக்கு முப்பது என்று எண்ணினர், தேநீர் குடித்துவிட்டுப் போயினர்.

வரதராஜாவின் வாழ்க்கை கைக்கு ஏற்றபடி ஒழுங்காயிற்று. விமலாதேவி அவருடைய சட்டைகளின் வலப்பக்கத்தைத் தோளிலிருந்து இடுப்புவரை பிரித்துப் பொத்தான் வைத்துத் தைத்தார். தரிப்பிடம் இல்லாத இடங்களிலும் பஸ்கள் அவருக்காக நின்றன. தனக்காக நின்ற பஸ்ஸை ஏமாற்ற மனமின்றி அவர் ஏறினார். வீட்டுக்குப் போகவேண்டிய மாலைகளில் டான்டெனோங் சந்தைவரை போய், வெங்காயம் வாங்கித் திரும்பினார். அலுவலகத்தில் இடக்கையால் வரையப் பழகினார். அக்காலத்தில் அவர் வரைந்த குழாய்கள் ஓடும் தெருக்களில் தண்ணீர் இன்றைக்கும் சற்றே இடப்புறமாகத்தான் சுழன்று இறங்குகிறது. குடியிருப்போர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

சனிக்கிழமைகளில் மட்டும் அவர் கவனமாக இருக்கவேண்டியிருந்தது. அந்நாட்களில் ஒவ்வொரு தெருவிலும் வீடுகள் ஏலத்தில் விற்கப்பட்டன. கிங்ஸ்வே கடைவீதியை அடுத்த தெருவொன்றில் ஏலத்தைக் கடந்து நடந்தவரை ஏலக்காரர் கண்டுகொண்டார். கை இறங்காததால் விலை ஏறிக்கொண்டே போயிற்று. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்க, வரதராஜா இரண்டு நிமிடங்கள் தன்னோடு தானே போட்டியிட்டார். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஏலக்காரர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தார். மீன் கடையிலிருந்து ஓடி வந்த விமலாதேவிதான், அது ஏலத்துக்கு உயர்ந்த கையில்லை, கட்சிக் கை என்று கூட்டத்தாருக்கு விளக்கி அவரை மீட்டார்.

கிளையில் இருந்த இன்னொரு தமிழர் இந்திரகுமார், கணக்காளர், வாய்த்துடுக்கானவர். மாதந்தோறும் வரதராஜாவைத் தன் காரில், கூரைக் கண்ணாடியைத் திறந்து கையை வெளியே விட்டபடி, கூட்டத்துக்கு ஏற்றிப் போவார்.

"மச்சான், உன்ர கையில ஒரு கொடியைக் கட்டுவமோ? சும்மா தானே நிக்குது."

"பகிடி விடாதை, இந்திரன். நான் ரெண்டு பேருக்கும் சொல்லிப்போட்டன்."

"சொன்னா என்ன? எலெக்சன் எண்டா ஆக்கள் சொல்லுறதுதானே," என்றார் இந்திரகுமார், சமிக்ஞை விளக்கில் திரும்பியபடி.

1976 ஜனவரியில் கட்சியின் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமைக்குள் ஒரு பெயர் வந்து சேராவிட்டால், நகரத்திலிருந்து தாங்களே ஒருவரை அனுப்புவதாக அதில் எழுதியிருந்தது. அந்த ஒருவர் கிளென் வேவர்லிக்கு ஒரு முறை வந்திருந்தார், அதுவும் ரயிலில் உறங்கிப்போனதால். நாற்பத்துமூன்று தெருக்களின் வரைபடம் இனி எந்த மேசையிலும் விரிக்கப்படாது என்பது வரதராஜாவுக்கு விளங்கியது. அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றார் விமலாதேவி. "பிரிட்சட்டிட்டைப் போய், ஏலாது எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டு வாங்கோ. கை தன்ரபாட்டிலை இறங்கும்."

அவர் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து, கை உயர்ந்தபடியே வந்தார்.

"சொன்னனீங்களோ?"

"வாசல்லையே சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அவர் பிஸ்கட் தந்தவர்."

"பிஸ்கட்."

"ரெண்டு. அவர்ர கராஜுக்கு ஒரு பிளான் கீறித் தாறன் எண்டும் சொல்லிப்போட்டன்."

விமலாதேவி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனார். அங்கிருந்து அவருடைய குரல் வந்தது. "அந்தச் சனத்துக்கு மழைக்குக் குழி நிரம்பி முத்தமெல்லாம் நாறுது. நீங்கள் பிஸ்கட்டுக்கு மரியாதை குடுத்துக்கொண்டிருங்கோ."

அன்றிரவு வரதராஜாவின் இடது கையும் அரிக்கத் தொடங்கியது. அதைத் தொடைக்கடியில் வைத்து அமர்ந்துகொண்டார்.

பெப்ரவரிக் கூட்டம் கடும் வெயிலில் நடந்தது. தலைவர் நோர்மன் பிரிட்சட்டின் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது, வரதராஜா எழுந்து, ஒரு நிமிடம் பேச அனுமதி கேட்டார். அவர் இரண்டு ஆண்டுகளாகக் கை உயர்த்தியிருந்தும் பேசச் சொல்லி எவரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தலைவருக்கு உறைத்தது. பேசுங்கள் என்றார்.

வரதராஜா நடுவிலிருந்த வழியில் நடந்து போய்ப் பிரிட்சட்டின் முன்னே நின்றார். ஐம்பத்தெட்டுப் பேரும் கேட்கும்படியாக, ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னார்: "மிஸ்டர் பிரிட்சட், உங்களுக்குக் கை உயர்த்துவதாகச் சொன்னேன். மிசிஸ் ஹாலரனுக்கும் அதையே சொன்னேன். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. உங்களுக்கு உயர்த்தமாட்டேன். இல்லை."

அவர் வாழ்நாளில் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். சொல்லி முடித்ததும் கை, கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து இறங்கிவரும் மின்தூக்கியைப் போல, நிதானமாக இறங்கித் தொடையருகே வந்து நின்றது. வரதராஜா அந்தக் கையாலேயே கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கராஜ் பிளான் திங்கட்கிழமை தருகிறேன்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

மண்டபத்தில் இருந்தவர்களில் பலர் தங்கள் காலணிகளைப் பார்த்தனர். தலைவர் பிரிட்சட்டின் பெயரைச் சொன்னார், கைகள் உயர்ந்தன. முப்பது அல்ல, ஐம்பத்தெட்டு. தலைவர் திகைத்து ஹாலரனின் பெயரைச் சொன்னார். ஒரு கையும் இறங்கவில்லை. இழுத்தும் இறங்கவில்லை. கிளையின் ஐம்பத்தெட்டு உறுப்பினரும், ஒருவர் மிச்சமின்றி, இருவருக்கும் சொல்லியிருந்தனர். இந்திரகுமாரின் கை எல்லாக் கைகளையும்விட ஓர் அங்குலம் உயரமாக நின்றது. பிரிட்சட்டின் கையும் உயர்ந்திருந்தது. 1973 இல் ஒரு கேக் விற்பனையின்போது, நீங்கள் நின்றால் என் ஆதரவு உங்களுக்கே என்று ஹாலரனிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதே மேசையில் ஹாலரனும் அவருக்கு அப்படியே பதில் சொல்லியிருந்தார். தலைவரின் கையும் மேலே நின்றதால் பென்சில் பிடிக்க ஆளில்லை. கை இறங்கியிருந்த ஒரே உறுப்பினர் என்ற முறையில் எண்ணும் பணி வரதராஜாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரண்டு முறை எண்ணினார். பிரிட்சட்டுக்கு ஐம்பத்தெட்டு. பிறகு, தன் வலது கையைத் தானே விரும்பி ஒரு முறை உயர்த்தி, எண்ணி, இறக்கினார். ஹாலரனுக்கு ஐம்பத்தொன்பது. உயர்ந்த கைகள் வேறு பல இருந்தபோதும், எல்லோருக்கும் தேநீர் வேண்டியிருந்ததால், பதினொன்றாம் விதியை எவரும் நினைவூட்டவில்லை.

ஹாலரன் தேர்தலில் வென்றார். கைகள் ஒவ்வொன்றாக இறங்க அந்த ஆண்டு முழுவதும் எடுத்தது. வேறு வழியில்லை என்று தெரிந்ததும், உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் விட்டு வரும் வழியில், ஒருவர் பிரிட்சட் வீட்டுக்கும் மற்றவர் ஹாலரன் வீட்டுக்குமாகப் போய், வாசலில் நின்று, உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கை இறங்கித் திரும்பினர். இந்திரகுமார் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை, நேரில் போனார். பிரிட்சட் மட்டும் எங்கும் போகவில்லை. ஹாலரனிடம் போய்த் தனக்கே உயர்த்தியதாக ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. தளபாடக் கடையில் உயரத் தட்டுகளிலிருந்து பொருளெடுக்க அந்தக் கை வசதியாக இருந்ததாகவும் சொல்லப்படுகிறது.

1979 இல் நாற்பத்துமூன்று தெருக்களுக்கும் கழிவுநீர்க் குழாய் வந்து சேர்ந்தது. தெருத்தெருவாகப் போன திறப்புவிழாவில், முதல் தெருவில் ஹாலரன் பேசி முடித்து, கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டபோது, கூட்டத்தில் ஒரே ஒரு கை உயர்ந்திருந்தது. பிரிட்சட்டிடம் கேள்வி எதுவும் இருக்கவில்லை. ஆயினும் எல்லோரும் திரும்பிப் பார்த்துக் காத்திருந்ததால், குழாயின் விட்டம் எவ்வளவு என்று கேட்டார். நல்ல கேள்வி என்றார் ஹாலரன். முன்வரிசையிலிருந்த வரதராஜா எழுந்து, நூற்றைம்பது மில்லிமீற்றர் என்று பதில் சொன்னார். அவர்கள் அடுத்த தெருவுக்குப் போனார்கள்.