போன வருஷத்து வாசனை

காலையில் அந்த அரசு அலுவலகத்தின் படியேறுகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே திருப்திப்படுவார்கள். தரை துடைத்த திரவத்தின் நெடி கண்ணைக் கரிக்கும். கரித்தால்தான் சுத்தம் என்பது அங்கே எல்லாருடைய எண்ணமும். நெடி குறைந்தால் துடைக்காமல் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம் என மேலதிகாரியே ஒருமுறை சொல்லியிருந்தார்.

அந்தத் திரவத்தை வாங்கிப் போடுபவர் கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'போன வருஷம்'. நாற்காலியோ, விளக்கோ, காகிதமோ, எதை வாங்குவதானாலும் பழைய கோப்பை எடுப்பார், அதில் உள்ளதை அப்படியே நகலெடுப்பார், வருஷத்தை மட்டும் மாற்றுவார். கெட்டவர் இல்லை, யாரிடமும் கை நீட்டாதவர். வம்பு வேண்டாம் என்று இருப்பவர், அவ்வளவுதான். இப்படி வம்பு வேண்டாம் என்று இருக்கிறவர்களால் ஊருக்கு வருகிற வம்புதான் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தத் தரையைத் துடைத்தவள் அவருடைய சொந்த அக்கா. அது அங்கே யாருக்கும் தெரியாது. அப்பா இறந்த பிறகு வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துத் தம்பியைப் படிக்கவைத்தவள் அவள். தனக்கென்று குடும்பம் அமையாமலே வயதாகிவிட்டது. துப்புரவு ஒப்பந்தக்காரர் அவளை இந்தக் கட்டடத்துக்கே அனுப்பியபோது, தம்பியைத் தினமும் பார்க்கலாம் என்று சந்தோஷப்பட்டாள். தம்பி முகம் வாடியதைப் பார்த்ததும், அவர் வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"ஆபீஸ்ல உன்னை சார்னுதான் கூப்பிடுவேன். நீ கவலைப்படாதே."

சொன்னபடியே கூப்பிட்டாள். ஈரத் தரையில் அவர் நடந்து வரும்போது மாப்புக் கட்டையோடு சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். அவரும் யாரோ மாதிரி கடந்துபோவார்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனிதருக்கும் கேடு செய்யாத பொருள்களையே இனி வாங்க வேண்டுமாம். ஒரு நிறுவனம் காரமில்லாத புதுத் திரவத்தை மாதிரிக்குக் கொண்டுவந்து கொடுத்தது. கண்காணிப்பாளர் மூடியைத் திறந்து முகர்ந்தார். வாசனையே இல்லை, விலையும் சற்றுக் கூடுதல். மேலதிகாரி கேள்வி கேட்பாரே என்று பயம் வந்துவிட்டது. 'பொருத்தமான பொருள் கிடைக்கவில்லை' என்று குறிப்பு எழுதினார், பழைய கோப்பை எடுத்தார். மாதிரிப் புட்டி ஜன்னலோரம் தூசி படிந்து கிடந்தது.

அக்கா இருமிக்கொண்டே இருந்தாள். அவள் வாளித் தண்ணீரைக் கொட்டும் பின்சுவரோரம் புல்கூட முளைப்பதில்லை. அங்கிருந்து வாய்க்கால் போய்ச் சேரும் குளத்தில் மீன்கள் செத்து மிதந்தபோது, வெயில் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். தம்பி அவளுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தார். தூசிதான் காரணம், சரியாகிவிடும் என்றாள் அவள்.

ஒரு காலை, ஜன்னலே இல்லாத கோப்பு அறையைத் துடைத்துவிட்டு வந்தவள் மூச்சு முட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. கண்காணிப்பாளர் பதறி ஓடிவந்தார். சுற்றி அத்தனை முகங்களையும் பார்த்தார்.

"யாராவது இந்தம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். எதைக் கொண்டு துடைக்கிறாள் என்று பார்ப்பதற்காக டாக்டர் வரவழைத்த கேன், கட்டிலடியில் இருந்தது. காற்றில்லாத அறைகளில் வருஷக்கணக்காக இந்த நெடியைச் சுவாசித்ததில் நுரையீரல் கெட்டுவிட்டது, பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒத்துக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

அவள் விட்டு விட்டுப் பேசினாள். "நீ பார்த்து வாங்குறதுன்னு சொன்னாங்க. என் தம்பி வாங்கினதை நானே குறை சொல்லுவேனா?"

பார்த்து வாங்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். விரல் நுனியெல்லாம் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

விடுப்பு முடிந்து வந்தவர் முதல் வேலையாக, பழைய கோப்பைத் தொடாமல் புதிதாக ஒரு கோப்பு திறந்தார். ஜன்னலோரம் கிடந்த மாதிரிப் புட்டியின் தூசியைத் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். காரமில்லாத திரவம் வந்துசேர்ந்து முதன்முதலாகத் துடைத்த காலையில், மேலதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். இன்றைக்குத் தரை துடைக்கவில்லையா, வாசனையே காணோமே என்று அதட்டலாகக் கேட்டார்.

கண்காணிப்பாளர் எழுந்து நின்றார்.

"துடைச்சாச்சு சார். இத்தனை நாள் வந்தது சுத்தத்தோட வாசனை இல்லை. அன்னைக்குப் படியில மூச்சு முட்டி உட்கார்ந்தாங்களே, அது என் கூடப்பிறந்த அக்கா. விலை குறைச்சல்னு நான் வாங்கினேன். மீதி விலையை அக்கா மூச்சால கட்டினாங்க. பின்னாடி மண்ணும் குளமும் இன்னும் கட்டிக்கிட்டு இருக்கு. வாங்குறவன் விலையை மட்டும் பார்த்தா போதாது சார். அது யார் கைக்குப் போகுது, எந்தத் தண்ணியில கலக்குதுன்னும் பார்க்கணும். நான் பார்க்கலை."

அந்தக் கட்டடத்துக்குள் அவர் வாயிலிருந்து அக்கா என்ற சொல் வந்தது அன்றுதான் முதல் தடவை. அதைக் கேட்க அவள் இல்லை.