திக்கினாலும் பாட்டுதான்

பாப்பம்மாவின் வாய்க்கு அணைக்கட்டு வேலையில் மேஸ்திரிகளே பயப்படுவார்கள். சித்தாள்களுக்குக் குடிதண்ணீர் வைக்காத ஒரு நாள் அவள் போட்ட சத்தம் தென்பெண்ணையின் அக்கரை வரை கேட்டது என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் பெற்ற பிள்ளைக்கு நாக்கு திக்கியது. கடவுளுக்குக் கேலி செய்ய வேறு வீடு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மாதப்பனுக்கு எல்லா வார்த்தையும் கஷ்டம்தான். ஆனால் அவன் பெயர் இருக்கிறதே, அதுதான் பரம எதிரி. யாராவது "உம் பேரென்னடா?" என்று கேட்டுவிட்டால் போதும். "மா... மா... மா..." என்று அங்கேயே சக்கரம் புதைந்த வண்டி மாதிரி நின்றுவிடுவான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? "என்ன மாமா, சௌக்கியமா? அத்தைய எங்க காணம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒருநாள் பாப்பம்மா தலைச்சும்மாட்டைக்கூட அவிழ்க்காமல் வகுப்புக்குள் நுழைந்து, கேலி செய்தவனையும் அவனைப் பெற்றவர்களையும் அதட்டாத வாத்தியாரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். மறுநாளிலிருந்து கேலி இரண்டு மடங்காயிற்று. அவளுக்கு அது தெரியாது. மாதப்பன் சொல்லவில்லை.

வீட்டில் அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே முடித்துவிடுவாள். "ம்மா, எ... எனக்கு..." என்றால் களி உருண்டை தட்டில் விழும். "நா... நாளைக்கு..." என்றால், "சட்டைதான? தொவச்சி வச்சிருக்கறன்" என்பாள். பாதி நேரம் அவன் கேட்க வந்தது வேறாக இருக்கும். வந்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அதைப் பாசம் என்றுதான் பாப்பம்மா நினைத்திருந்தாள். பாசம்தான், சந்தேகமில்லை.

அவன் அப்பன் திம்மப்பன் அணைக்குக் கல் ஏற்றும் மாட்டுவண்டி வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. மகன் திக்கும்போது அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. தரையைப் பார்ப்பான், இல்லையென்றால் பெண்டாட்டியைப் பார்ப்பான். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது முடிவாகச் சொல்லிவிட்டான்.

"போதும் பாப்பம்மா. அந்தப் பசங்ககிட்ட எங்கொழந்த சீப்பட வேணாம். இந்த சடுகுடு மேச்சு முடியட்டும், திங்கக்கெழமையிலருந்து எங்கூட வண்டிக்கு வரட்டும். மாடு இவங்கிட்ட பேரு கேக்காது."

"வண்டிக்கு வந்தா இவன் ஆயுசுக்கும் வாயத் தெறக்க மாட்டான்."

"தெறந்து என்னத்த கண்டான்?"

இரண்டு பேரும் மாதப்பனைப் பார்த்தார்கள். அவன் ஏதோ சொல்ல உதட்டைக் குவித்தான். "படிக்கறங்கறான்" என்றாள் பாப்பம்மா. "வரங்கறான்" என்றான் திம்மப்பன். மாதப்பன் உதட்டை மூடிக்கொண்டு கை கழுவப் போனான்.

அந்த மேச்சு என்பது கிருஷ்ணகிரியில் நடக்கவிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சடுகுடுப் போட்டி. அணை வேலைக்காரர்களின் குழந்தைகளைப் போட்டுவைத்திருந்த கீற்றுக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு டிரில் மாஸ்டராக வந்த அருள்ஜோசப், கல் வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மாதப்பனைப் பார்த்து, அவன் ஓட்டத்துக்காகவும் மூச்சுக்காகவும் அணியில் சேர்த்துவிட்டார். அவன் திக்குவாயன் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. சடுகுடுவில் எதிரிப் பக்கம் போகிறவன் பாடிக்கொண்டே போகவேண்டும், ஒரே மூச்சில், நிறுத்தாமல். பாட்டு நின்றால் மூச்சு விட்டதாகக் கணக்கு. மூச்சு விட்டால் அவுட். திக்குவாய்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஆட்டத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மாதப்பன் விலகமாட்டேன் என்றுவிட்டான். தலையை ஆட்டித்தான் சொன்னான்.

போட்டிக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் பாப்பம்மா வேலை விட்டு வந்தபோது குடிசைக்குப் பின்னாலிருந்து "மாமா மாமா மாமா" என்று குரல் கேட்டது. வந்துவிட்டார்களா, வீட்டு வாசலுக்கேவா? அடுப்புக்கு வைத்திருந்த விறகுக் கட்டையை உருவிக்கொண்டு, "எவன்டா அவன், எவனுக்குப் பொறந்தவன்..." என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

அங்கே யாருமில்லை. மாதப்பன் மட்டும் குனிந்து, கைகளை விரித்து, அவிழ்த்துக் கட்டியிருந்த இரண்டு வண்டி மாடுகளை நோக்கி "மாமாமாமாமா" என்று பாடியபடி போய், ஒன்றின் கொம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தான். மாடுகள் அசைபோட்டன.

"என்னடா இது? உன்ன நீயே கேலி பண்ணிக்கறியா?"

"ச... ச... சடுகுடு வ... வர்லம்மா. ச... நி... நின்னுடுது." அவன் மூச்சு வாங்கினான். முகம் மட்டும் மின்னியது. "மா... மாமான்னா எ... எங்க தி... திக்குனாலும் பா... பாட்டுதான்ம்மா!"

பாப்பம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. திக்கினால் 'மாமாமாமா' ஆகும். திக்காவிட்டாலும் 'மாமாமாமா'தான். எந்த விசில்காரன் வந்தாலும் எது திக்கல், எது பாட்டு என்று பிரிக்க முடியாது. அவனைக் கேவலப்படுத்திய வார்த்தையையே எடுத்து அவன் காலுக்குச் செருப்பாகத் தைத்துக்கொண்டான். அவள் விறகுக் கட்டையைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். அழுதாளா என்றால், அழுதாள்.

"மேச்சுக்கு நான் மொத ஆளா வந்து நிக்கறன் பாரு!"

மாதப்பன் விலகிக்கொண்டான். "நீ வ... வ..."

"வரன்டா, கண்டிப்பா வரன்."

"வ... வ... வராத!"

அவன் அவளை நேராகப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. "வந்தா வாயத் தெறக்க மாட்டன். சத்தியம்" என்றாள். அவன் நம்பவில்லை. ஊரில் வேறு யாரும்கூட நம்பியிருக்க மாட்டார்கள்.

போட்டியன்று திம்மப்பன் வண்டி கட்டி இருவரையும் கொண்டுபோய் விட்டான். கிருஷ்ணகிரி மலையின் நிழல் மைதானத்தில் பாதியை மூடியிருந்தது. பாப்பம்மா இரண்டு கன்னத்திலும் வெற்றிலையை அடைத்துக்கொண்டு சனத்தின் நடுவில் உட்கார்ந்தாள். வாயை அடக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

எதிர் அணி காவேரிப்பட்டினத்துப் பையன்கள். நல்ல ஆட்டக்காரர்கள். அணைப் பிள்ளைகளோ ஆளுக்கொரு திக்கிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். சென்னகிருஷ்ணன் தெலுங்கில் பாடிக்கொண்டு போனான். ஆஞ்சப்பன் கன்னடத்தில் தன் ஊர்ப் பாட்டு ஒன்றை இழுத்துக்கொண்டு போனான். நடுவர் இரண்டையும் விட்டுவிட்டார். அது பாஷைவாரியாக மாநிலம் பிரித்து, ஓசூர் எந்தச் சீமைக்கு, எந்தப் பாஷைக்காரனுக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். மைதானத்தில் அந்த வம்பு வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

மாதப்பன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். "மாமாமாமாமா..." கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிர் அணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவன் முழங்காலையும் இன்னொருவன் தோளையும் தொட்டுவிட்டு அவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டான். இரண்டு பேர் அவுட். சிரித்த கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

"சார்! எங்களப் பாத்து மாமாங்கறான் சார்! அசிங்கமா பேசறான்!" என்று தொடப்பட்டவன் முறையிட்டான்.

நடுவர் விசிலை ஊதினார். வெள்ளை அரைக்கால் சட்டையைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்த மனிதர். அவர் முகமும் அப்படித்தான் இருந்தது. "என்னடா கிண்டலா? இதெல்லாம் பாட்டா? சடுகுடுன்னு பாடு. பாட வரலன்னா வெளிய போ. தொட்டது செல்லாது, நீ அவுட்டு."

அருள்ஜோசப் ஓடிவந்தார். "சார், அந்தப் பையனுக்கு வந்துங்க சார், பேச்சு..."

பாப்பம்மா எழுந்து நின்றுவிட்டாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெற்றிலையைத் துப்பினாள். நாக்கில் பன்னிரண்டு வருஷ வசவு வரிசை கட்டி நின்றது. நடுவர், அவருடைய கஞ்சிச் சட்டை, அவருடைய ஏழு தலைமுறை, எல்லாவற்றுக்கும் வார்த்தை தயாராக இருந்தது. அவளைத் தெரிந்தவர்கள் நமுட்டுச் சிரிப்போடு வழி விட்டார்கள். அப்போதுதான் மாதப்பன் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அடி விழப்போவது தெரிந்தவன் பார்ப்பது போலப் பார்த்தான்.

"மாஸ்டர்" என்றாள். "நீங்க பேசாதீங்க. நானும் பேசல. அவன் பேசுவான்."

மாதப்பன் நடுவர் முன்னால் போய் நின்றான்.

"சா... சார். நா... நான் மூ... மூ..."

"மூச்சு விட்டுட்டானாம்!" என்று கூட்டத்தில் எவனோ ஒரு தர்மவான் எடுத்துக் கொடுத்தான்.

"அவனே ஒத்துக்கறான் பாருங்க" என்றார் நடுவர்.

மாதப்பன் இல்லையென்று தலையை அசைத்தான். வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது. இதைத்தானே பாப்பம்மா இத்தனை வருஷம் செய்தாள்? எத்தனை 'வேண்டாம்' அவள் வாயில் 'வேண்டும்' ஆயிற்றோ! அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எவனும் எடுத்துக் குடுக்கக் கூடாது! அவம் பேச்ச அவனே முடிப்பான். பொழுது போனாலும் போவட்டும், எல்லாம் சும்மா இருங்க!"

அக்கரை வரை கேட்ட குரல் அது. மைதானம் அடங்கிவிட்டது. அந்த அமைதியைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. மாதப்பன் கண்ணை மூடினான், திறந்தான். அவசரப்படவில்லை.

"மூ... மூச்சு வி... விடல. தி... திக்கறது வா... வார்த்ததான். மூ... மூச்சு தி... திக்காது சார்." கையை நீட்டிக் காட்டினான். "அ... அவன் தெ... தெலுங்குல பா... பாடுனான். இ... இவன் க... கன்னடத்துல. ரெ... ரெண்டையும் வி... விட்டீங்க." நிறுத்தினான். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. "இ... இது எ... எ... என் பா... பாஷ."

ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார். அருள்ஜோசப் வானத்தைப் பார்த்துக்கொண்டார். தோற்றுப்போகத் தெரியாத பெரிய மனிதர்கள் செய்வதையே கடைசியில் நடுவரும் செய்தார். "சரி. இன்னொரு தரம் பாடிப் போ. நடுவுல ஒரு தரம் நின்னாலும் அவுட்டுதான்" என்றார், ஏதோ தானமாகக் கொடுப்பதுபோல.

மாதப்பன் போனான். இந்தத் தடவை எதிர் அணி சிரிக்கவில்லை. கால் வைத்ததுமே ஒருவன் கணுக்காலைப் பிடித்தான், இன்னொருவன் இடுப்பைக் கட்டினான், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். மாதப்பன் காணாமல் போனான். ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது, கோட்டுக்கு ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம். புழுதிக்கு அடியிலிருந்து "மாமாமா" வந்துகொண்டிருந்தது. தேய்ந்து தேய்ந்து வந்தது. நின்றுவிட்டதா, இல்லையா? நின்றபடி நடுவருக்குக் கேட்கவில்லை. குனிந்தார், அப்போதும் கேட்கவில்லை. கடைசியில் மடிப்புக் கலையாத அந்த மனிதர் மண்ணில் முட்டி போட்டு, அந்தக் குவியலுக்குள் காதை நுழைத்து, திக்குவாய்ப் பிள்ளை என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

கை நகர்ந்தது. விரல் கோட்டைத் தொட்டது. நடுவர் காதை எடுக்காமலே விசிலை ஊதினார்.

"தொட்டாச்சு! பாட்டு நிக்கல!"

முடிவில் ஆட்டத்தைக் காவேரிப்பட்டினத்துப் பையன்கள்தான் ஜெயித்தார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள், இல்லையென்று சொல்ல முடியாது. அணைப் பிள்ளைகள் தோற்றவர்கள் மாதிரி நடந்துகொள்ளவில்லை. மாதப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பாஷையில் கத்தினார்கள்.

திம்மப்பன் மைதானத்து ஓரத்தில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். முழங்கையில் தோல் உரிந்து, வாயெல்லாம் மண்ணாக மாதப்பன் அவன் முன்னால் வந்து நின்றான்.

"ப்பா. நா... நான்..."

திம்மப்பன் வழக்கம்போலப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்தான், அங்கும் உதவியில்லை. கயிற்றைப் பிடித்தபடி மகனையே பார்த்துக்கொண்டு நின்றான். வாழ்நாளில் முதல் தடவையாகக் கடைசிவரை நின்றான்.

"நா... நான் தி... திங்கக்கெழம வ... வண்டிக்கு வர மா... மாட்டன். ப... பள்ளிக்கூடம் போ... போறன்."

திம்மப்பன் கண்ணில் ஏதோ தூசி விழுந்ததுபோலத் துண்டால் துடைத்தான். "போயேன். யாரு வேணாம்னா? நான் எப்ப வண்டிக்கு வான்னு சொன்னன்?"

பாப்பம்மா சட்டென்று திரும்பினாள். 'நீங்கதான சொன்னீங்க!' என்பது பல் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீ சொ... சொ... சொன்ன!" என்றான் மாதப்பன்.

பாப்பம்மா சொல்ல நினைத்ததும் அது ஒன்றுதான். அதையும் அவனே சொல்லிவிட்டான்.