உருக்கு நடந்த வழி

ஜுரேமா அக்காவுக்குத் தரையில் வேலை இல்லை. எங்கள் உருக்காலையின் கூரைக்கு அடியில், ஏழெட்டு ஆள் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டினாள். உலையிலிருந்து வடியும் உருக்கைப் பிடிக்கிற பாத்திரத்தை நாங்கள் பானை என்போம். ஒரு லாரியையே உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு பெரிய பானை. உட்புறம் முழுக்க நெருப்புச் செங்கல் அடுக்கியிருக்கும். அதைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, கூடத்தின் மறுகோடியில் பாளம் வார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோவாள். பால் கொண்டுபோகிற மாதிரி, சிந்தாமல்.

மேலிருந்து எங்களைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.

"சூட்டுல காத்தே தண்ணி மாதிரி ஆடும் டிட்டோ. நீங்கல்லாம் அடியில நீந்துற மீனுங்க," என்றாள்.

எங்கள் ஊரான சாந்தா எஃப்ராசியாவில் இருப்பவர்களுக்கு அது புரியும். ஊரைச் சுற்றி மலையெல்லாம் யூகலிப்டஸ். அந்த மரத்தைச் சுட்ட கரியில்தான் எங்கள் இரும்பு உருகி வருகிறது. வருகிறபோது அதில் கரி மிகுதி. அப்படியே ஆறவிட்டால் சம்மட்டி பட்டதும் ஓட்டாங்குச்சி மாதிரி உடையும். உலையில் ஊற்றி, மேலிருந்து பிராணவாயுவை ஊதினால் கரி எரிந்து போகும். உலையின் வாயில் ஆளுயரத்துக்கு எழும் தீ, கரி தீர்ந்ததும் தானாகத் தணியும். அப்போது அது உருக்கு. இனி வளையும், நீளும், பாலத்தைத் தாங்கும். தீ தணிகிற அந்த நேரத்தில் கூடத்தில் யாரும் பேச மாட்டோம். அப்படி ஒரு விதி கிடையாது. வாய் தானாக மூடிக்கொள்ளும். கரியின் மெல்லிய செதில்கள் வெள்ளியாய் மினுங்கிக்கொண்டு எங்கள் தோளிலும் காபியிலும் மெதுவாக இறங்கும்.

நான் நீளக் கம்பியைப் பானைக்குள் விட்டுச் சூடு பார்க்கிறவன். எனக்குப் பக்கத்தில் வெள்ளைக் கையுறையோடு நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர் ஒனோஃப்ரே. மேலே, கீழே, இடது, நிறுத்து. அந்த இரைச்சலில் ரேடியோவால் பயனில்லை, கைதான் பேசும்.

ஒனோஃப்ரேயும் ஜுரேமாவும் முன்பு புருஷன் பெண்டாட்டி. ஒரு கார்னிவல் திருவிழா முடிந்த வாரத்தில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. சண்டை, அடிதடி எதுவும் ஊர் அறிய நடக்கவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "செவுத்தோட குடும்பம் நடத்த முடியாது," என்று மட்டும் சொல்வாள். ஆனால் இருவருக்கும் ஒரே ஷிப்ட். வருஷக்கணக்கில் தினமும் அவர் கையை உயர்த்துவார், அவள் பானையை உயர்த்துவாள்.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

"வீட்டுல கேக்காதவ இங்க உங்க சொல்லத் தட்டுறதே இல்லையே, ஒனோஃப்ரே," என்பார்கள்.

அவர் சிரிப்பார். அவரை எது சொன்னாலும் சிரிப்பார். ரோசமில்லாத மனுஷன் என்று சிலர், மகா கர்வி என்று சிலர்.

ஜனவரி மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் அது நடந்தது. கூரையில் ஓட்டை விழுந்து, கூடத்தின் தரையில் அங்கங்கே குட்டை தேங்கியிருந்தது. ஜுரேமா நிறைபானையைத் தூக்கிப் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டாள். பானையின் வயிற்றில், வெளிப்பக்கம், ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். உள்ளே ஒரு செங்கல் விட்டுப்போயிருந்தது. சிவப்பு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, அங்கிருந்து விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஒரு கம்பி நீண்டு தரையைத் தொட்டது.

அபாயச் சங்கு ஊதியது. இப்படி நேர்ந்தால் பானையை இறக்கவென்று ஒரு குழி உண்டு. மேற்பார்வையாளர் எவால்டோ அதை எட்டிப் பார்த்துவிட்டு இரு கைகளையும் குறுக்கே ஆட்டினார். வடிகால் அடைத்து, குழி முழுக்க மழைத்தண்ணீர். தண்ணீர் மேல் உருக்கை ஊற்றினால் அடியில் ஆவி சிக்கி, அத்தனையையும் கூரைக்கு வீசி எறியும். கூடத்தின் கடைசியில் இருந்த மணல் களம் ஒன்றுதான் காய்ந்த இடம். அங்கே போகிற வழியெல்லாம் குட்டைகள்.

நாங்கள் ஓடினோம். வாசல் தூணுக்குப் பின்னால் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் ஒனோஃப்ரே எங்களோடு இல்லை என்று தெரிந்தது.

அவர் பானைக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி, ஜுரேமாவைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். புகையில் அவளுக்குத் தரை தெரியாது, குட்டை எங்கே என்று தெரியாது. அவருடைய வெள்ளைக் கைகள் மட்டும் தெரிந்திருக்கும். இடது என்றார். பானை இடது பக்கம் மிதந்தது. கொஞ்சம் பொறு என்றார். நின்றது. வா என்றார். ஒரு குட்டையைச் சுற்றி, இன்னொன்றின் ஓரம் ஒட்டி, இரண்டுக்கும் நடுவில் புகுந்து, அவசரமே இல்லாதவர்கள் போல இருவரும் போனார்கள். வெள்ளைக் கம்பி தரையைத் தொட்ட இடமெல்லாம் பொறி பூத்து அடங்கியது. சங்கு அலறிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் எனக்கு அது நின்றுபோன மாதிரி இருந்தது. மழை கூரையில் விழுகிறது, இரண்டு பேர் தூக்கத்தில் நடக்கிறார்கள், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்படித்தான் தோன்றியது.

கூண்டுக்குப் பின்னால் ஓடித் தப்பிக்க ஒரு நடைபாலம் உண்டு. அவள் பானையைப் பாதி வழியில் விட்டுவிட்டு அதில் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு கேட்டபோது, "அந்தப் பாலம் இருக்குறதே மறந்துபோச்சு. பயம்னு ஒண்ணும் இல்ல தம்பி. கொய்யா வாசன வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் இருந்த வீட்டுப் பின்பக்கத்துக் கொய்யா. வெள்ளையா ரெண்டு கை முன்னால போகுது, நான் பின்னால போறேன்," என்றாள்.

பானை மணலில் உட்கார்ந்தது. வயிற்றுத் துளை அகன்று, மிச்ச உருக்கு வெளியே சரிந்து மணலில் பரவியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒனோஃப்ரேயின் புருவம் மட்டும் கருகியிருந்தது.

மறுநாள் கூடமே அவரைச் சூழ்ந்துகொண்டது. தோளைத் தட்டினார்கள், சீஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார்கள். எவால்டோ, "என்னா துணிச்சல் உனக்கு," என்று கட்டிப்பிடித்தார். ஒனோஃப்ரே வழக்கம்போலச் சிரித்தார். ஜுரேமா தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மணலில் கிடந்த உருக்கு ஆறப் பல நாள் ஆனது. வெளியே கறுத்துப் போனாலும் உள்ளே சூடு இருக்கும், அவசரப்பட்டு வெட்ட முடியாது. ஆறிவிட்டதா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். தரையில் அது நடந்து வந்த வழி முழுக்க உருக்கு உறைந்து கிடந்தது. எங்கள் டோஸி ஆற்றை மலையுச்சியிலிருந்து பார்க்கிற மாதிரி, வளைந்து நெளிந்து, அங்கங்கே நீலமும் வைக்கோல் நிறமும் ஓடிய வெள்ளி. மணலில் கிடந்த பெருங்கட்டியின் மேல் மழைச்சொட்டு விழுந்து மெல்லிய ஆவியாகிக்கொண்டிருந்தது.

களத்தின் ஓரத்தில் ஒனோஃப்ரே குளிர் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஜுரேமா பின்னால் வந்து நின்றாள்.

"எதுக்கு நீ ஓடல?" என்றாள்.

அவர் திரும்பவில்லை.

"உன்னத்தான் கேக்குறேன். எதுக்கு ஓடல?"

அவர் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் பழைய கோபம் ஏறுவதைப் பார்த்தேன். திரும்பிப் போக ஓர் அடி வைத்தாள். அவளுடைய நிழல் மணலில் அசைந்தது. அப்போதுதான் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எப்ப வந்த?" என்றார்.

ஜுரேமா அப்படியே நின்றாள். பிறகு அவர் முன்னால் வந்து குந்தி, வாயைப் பெரிதாக அசைத்து, "சங்கு ஊதுச்சே, கேட்டுச்சா?" என்றாள்.

ஒனோஃப்ரே தலை குனிந்தார்.

"கேக்கல. சங்குன்னு இல்ல, எதுவுமே கேக்குறதில்ல. ரொம்ப நாளா. மொதல்ல கொசு ரீங்காரம் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அப்புறம் அதுவும் போயிருச்சு. இவனுங்க என்னைய வீரன்ங்குறானுங்க. எனக்கு சிரிக்கத்தான் தெரியும், அதான் சிரிக்கிறேன்."

"எல்லாரும் ஓடுனதையாவது பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"நீ மேல இருந்தியே."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாப்பாட்டு மேசையில எத்தன தடவ உன்கிட்டப் பேசியிருப்பேன் ஒனோஃப்ரே. அடுப்பப் பாத்துக்கிட்டே பேசுவேன். நீ வாயத் தொறக்க மாட்ட. என்னப் புடிக்கலன்னு நெனச்சேன்."

உதட்டைப் பார்த்து அவருக்குப் பாதிதான் எட்டியது. அவள் கத்தித் திரும்பச் சொன்னாள். ஆகவே கூடத்தில் பாதிப் பேருக்கு எட்டியது, நானும் கேட்டேன்.

"சொன்னா வேலையிலேர்ந்து எடுத்துருவாங்கன்னு பயம். உன்கிட்ட சொல்ல வெக்கம்," என்றார் அவர். "நீ திட்டுறியா கொஞ்சுறியான்னு முதுகப் பாத்துத் தெரியல."

"ரெண்டுந்தான் பண்ணேன், மடையா," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். ஒனோஃப்ரே செய்வதறியாமல் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதில் முகத்தைத் துடைத்துக் கன்னம் முழுக்கக் கரியாக்கிக்கொண்டாள். நான் உருக்கின் சூட்டைப் பார்க்காமலே, இன்னும் ஆறவில்லை என்று போய்ச் சொன்னேன்.

அவரே மறுவாரம் ஆலை மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னார். சங்கு கேட்காதவரைக் கூடத்தில் நிறுத்தக் கூடாது என்று அவரைப் பாளங்களுக்கு எண் எழுதும் இடத்துக்கு மாற்றினார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவன் நல்ல பையன், ஆனாலும் ஜுரேமா பல நாள் பானையைத் தயங்கித் தயங்கித்தான் தூக்கினாள்.

ஊர் நினைத்தபடி அவள் உடனே பெட்டியோடு அவரிடம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். அவருக்கு எதிரே நாற்காலி போட்டு, உட்கார்ந்து, விட்டுப்போன வருஷங்களின் பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தங்கையின் பிரசவம், அம்மாவின் சாவு, கூண்டுக்குள் கூடு கட்டிய குருவி. அவர் அவளுடைய உதட்டைப் பார்த்தபடி கேட்டார். சில நாள் பேசிக்கொண்டே இருட்டிவிடும். உதடு தெரியாமல் அவர் எழுந்து விளக்கைப் போடுவாராம், அவள் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

அரசாங்க மருத்துவமனையில் அவருக்குக் காதுக் கருவி கிடைத்தபோது அவர் வீட்டுக் கொய்யா காய்த்திருந்தது. அந்த மாதத்தில்தான் அவள் பெட்டியைக் கொண்டுபோனாள். இப்போது அந்த வீட்டைக் கடந்து போகிறவர்களுக்கு எல்லாம் கேட்கிறது. அடுப்பில் கிண்டுகிற கொய்யாப் பாகில் சர்க்கரை போதாது என்று அவள் கத்துகிறாள், போதும் போதும் என்று அவரும் கத்துகிறார்.