பதினேழு சொன்ன ‘இல்லை’

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஆசிரியையான என் அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் ஒரே சட்டையைப் பிரித்துப் பிரித்து மடித்தாள். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இனி அவள் வெறும் டீச்சர்.

2

‘குறும்புக்காரி ஒருத்தி இருந்தாள்’ என்று தொடங்கி, அடித்துவிட்டேன். குறும்பு என்றால் நமக்குச் சிரிப்பு வரும். டீச்சருக்கு வரவில்லை.

காலையில் வருகைப்பதிவு. வரிசை எண்ணைக் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்ல வேண்டும்.

“பதினேழு.”

“இல்லை.”

முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே சொன்னாள் அந்தப் பெண். வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் அதட்டினாள், நிற்க வைத்தாள், தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சியும் பார்த்தாள். மறு வாரமும் “இல்லை.”

“இல்லைன்னா இல்லைதான்!” டீச்சர் ஆப்சென்ட் போட்டாள். மூன்று நாள். வகுப்பு கப்சிப்.

[அந்த மூன்று நாளும் அக்காவுக்கு நிம்மதியாக இருந்ததாம். இதை மட்டும் எழுதாதே என்றாள்.]

3

அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? ‘அவள் வீட்டில் அப்பா…’

வேண்டாம். காரணம் தெரியாமல்தான் டீச்சர் தினமும் அவளைச் சமாளித்தாள். நானும் அப்படியே சமாளிக்கிறேன்.

மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்குத் தகவல் போகும். டீச்சர் அதை மறந்தே போயிருந்தாள். நான்காம் நாள் தலைமையாசிரியை அறையில் அந்தப் பெண்ணின் அம்மா வந்து நின்றாள், வேலைக்குப் போகிற சீருடையோடு.

“நான்தானே தினம் வாசல்ல விட்டுட்டுப் போறேன்! எங்கேடி சுத்தின?”

தலைமையாசிரியை பதிவேட்டைப் புரட்டினார். “சொல்லும்மா. மூணு நாளும் கிளாஸ்ல இருந்தியா?”

டீச்சரைப் பார்த்தாள் பதினேழு.

“இல்லை.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

4

ஒரு முடிவு: “கிளாஸ்லதான் இருந்தா மேடம். நான்தான் வேணும்னே ஆப்சென்ட் போட்டேன்” என்கிறாள் டீச்சர். பதிவேட்டில் பொய் எழுதியதற்கு வேலை போகலாம்.

இன்னொன்று: டீச்சர் வாயைத் திறக்காமல்…

“நீ என்னதான் பண்ணே?” என்று அக்காவைக் கேட்டேன்.

“நீதானே கதை எழுதறவ. நல்லதா ஒண்ணு எழுதிக்கோ.”

யாருக்கு நல்லதாக என்று கேட்பதற்குள் சட்டையை மறுபடி பிரித்துவிட்டாள்.

பதினேழை அடிக்க அவள் அம்மா கையை ஓங்கியிருக்கிறாள். அதை அந்தரத்தில் நிறுத்திவிட்டுத்தான் நான் எழுந்து போகிறேன். ரொம்ப நேரம் அப்படியே நிற்காது. யாராவது ஏதாவது சொல்லுங்கள்.