பிலிப்பு மறந்த அடி

எண்பத்தெட்டில் குருநகர்த் திருநாள் கூத்தை வீடியோ எடுத்தவன் நான். அரசனாக ஆடிய பிலிப்பு நடுவில் பாட்டை மறந்து அரை நிமிடம் விழித்துக்கொண்டு நின்றார். அதை வெட்டச் சொன்னவரும் அவர்தான். எனக்கென்ன, வெட்டிவிட்டேன்.

அடுத்த வருடம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் மனைவி அற்புதராணி கசெற்றோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"வெட்டினதைத் திருப்பிப் போடு தம்பி."

"அண்ணை வெக்கத்திலைதானே வெட்டச் சொன்னவர், அக்கா."

"வெக்கம் அவருக்கு. எனக்கில்லை."

இரண்டு வீடியோ டெக்கை இணைத்து, மூலக் கசெற்றிலிருந்து அந்த இடத்தைச் சேர்த்தேன். இந்தமுறை சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். திரையில் பிலிப்பு கூட்டத்துக்குள் யாரையோ தேடுகிறார். பெண்கள் பக்கமிருந்து அற்புதராணியின் குரல் மெதுவாக அடியை எடுத்துக் கொடுக்கிறது. அரசர் நிமிர்ந்து பாடத் தொடங்குகிறார்.