திரும்பி வந்த றால்

தேத்தண்ணி குடிக்காத அரசாங்கக் கந்தோர் ஆளை நீங்க கண்டிருக்கிறீங்களா? நான் கண்டன். நிரோஜினி மிஸ். சபைக்குப் புதுசா வந்த எஞ்சினியர். ஆருக்கு டெண்டர் குடுக்கிற எண்டு பாத்துச் சொல்ற ஆள். குறிஞ்சாக்கேணியில நாங்க கட்டின வடிகானைப் பாக்க வந்தவ. மண்டை வெடிக்கிற வெயில். நான் ஓடிப்போய் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊத்தி, வட்டிலப்பமும் வெட்டிக்கொண்டு வந்து நீட்டினா, "வேண்டாம் றம்ஸியா, தண்ணி இருக்கு" எண்டு பையிலிருந்து போத்தலை எடுத்துக் குடிச்சா. எனக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்தது.

"பெருமை புடிச்சவ" எண்டன்.

"பெருமை இல்ல புள்ள" எண்டார் எங்கட மனிசன் முத்தலிப். "தேத்தண்ணிக்கெல்லாம் மடங்கிற ஆள் இல்ல இவ. பெரிசா எதிர்பாக்கிறா."

இவருக்கு எல்லாத்திலயும் சந்தேகம். நோம்புக்குப் பள்ளியில கஞ்சி ஒரு அகப்பை கூட ஊத்தினாலும், ஏன் ஊத்தினான் எண்டு வீடு வரைக்கும் யோசிச்சுக்கொண்டு வாற மனிசன். ஆனா அந்த முறை நானும் யோசிச்சன். பொய் சொல்ல மாட்டன்.

ஏன் எண்டா எனக்கு அந்த வேலை வேணும். கடற்கரையில மீன் ஏலக் கொட்டகை கட்டுற வேலை. இவர் கட்டாரிலிருந்து வந்த நாளிலிருந்து சின்னச்சின்ன வேலைதான், அதுவும் இப்ப நிண்டு போச்சு. "இந்தக் கொந்தராத்துக் கிடைச்சா இருப்பன். இல்லாட்டி அடுத்த மாசம் திரும்பக் கட்டார்தான்" எண்டு சொல்லிட்டார். ஏஜென்சிக்காரன் வேற ஒவ்வொரு நாளும் போன் அடிக்கிறான். எனக்கு இவரைத் திரும்ப விட ஏலாது. வெக்கம் கெட்டுத்தான் சொல்றன், கலியாணம் முடிச்ச காலத்தில பாதிக்கு மேல இவரைப் போனிலதான் கண்டிருக்கன். காய்ச்சல் வந்தாலும் போனில, பெருநாள் வந்தாலும் போனில. போதும்.

அதால மிஸ்ஸை மடக்கப் பாத்தம். ஆத்து றால், கை நீளம் ஒவ்வொண்டும். ஐஸ் போட்டுப் பெட்டியில அடுக்கி, பாயிஸ்ர ஆட்டோவில மிஸ்ஸுட உவர்மலை வீட்டுக்கு அனுப்பினார் இவர். அசர் தொழுகைக்கு முன்னாலயே பெட்டி திரும்பி வந்துட்டு. ஒரு றால் குறையல்ல. பாயிஸ் தலையைச் சொறிஞ்சுகொண்டு, "வரப் போக ஆட்டோக் கூலியும் அவவே தந்துட்டா" எண்டான்.

அண்டைக்கு நாங்களே அந்த றாலை ஆணம் காய்ச்சிச் சோத்தோட திண்டம்.

"ஆட்டோக் கூலியும் குடுத்து அனுப்பிறாவெண்டா இது லேசுப்பட்ட ஆள் இல்ல" எண்டார் இவர். "றாலில அடங்கிற வயிறா அது? கொந்தராத்துக் காசில இவ்வளவு வீதம் எண்டு கேக்கப் போறா."

"கேக்கட்டும், அப்ப பாப்பம்."

"கேக்க மாட்டா. படிச்சவ. நாமளா விளங்கி வைக்கணும்."

இதுக்கிடையில இன்னொண்டும் நடந்தது. டவுன் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில மிஸ் குடையோட நிக்கிறா. அவவுக்கு முன்னால கந்தளாய்ச் சிவரூபன்ர பிக்கப். எங்களோட அதே டெண்டருக்குப் போடுற சிவரூபன்தான். பிக்கப் கதவு ஆவெண்டு திறந்து கிடக்குது. ரெண்டு பேரும் கதைக்கினம். மிஸ் தலையாட்டுறா. நான் எட்டிப் பாக்கிறதுக்குள்ள நடுவில ஒரு பஸ் வந்து நிண்டுட்டு. பஸ் போன பிறகு பாத்தா, மிஸ்ஸும் இல்ல, பிக்கப்பும் இல்ல. ஏறிப் போயிட்டா எண்டுதான் நினைச்சன்.

வீட்டுக்கு வந்து சொன்னன். இவர் கதிரையில சாய்ஞ்சு, எல்லாம் தெரிஞ்ச ஆள் மாதிரிச் சிரிச்சார். "பாத்தியா? நமக்கு முதல் அவன் கதைச்சு முடிச்சிட்டான். இனி நாமளும் போடத்தான் வேணும்."

விலை எழுதேக்க, சீமெந்து, கம்பி, கல், கூலி எல்லாம் நாங்க ஏலுமான மட்டும் இறுக்கிப் போட்டிருந்தம். அதுக்குக் கீழ "ஏனைய செலவுகள்" எண்டு ஒரு வரி. அதில மிஸ்ஸுக்கெண்டு பத்து வீதத்தைத் தூக்கி வைச்சார் இவர்.

"இது ஹறாம் இல்லையா?" எண்டு கேட்டன்.

"நம்மட காசையா குடுக்கிறம்? சபைக் காசு சபை ஆளுக்குப் போகுது. நாம நடுவால கை மாத்திற மட்டும்தான்."

"அந்தக் கொட்டகையில மீன் விக்கிறவங்கட காசுதானே சபைக் காசு?"

"அப்ப கட்டாருக்குப் போகட்டா?"

பேனையை எடுத்தன். கொம்பனி என்ட பேரில. இவர் வெளிநாட்டில இருக்கேக்க பதிஞ்சது. கையெழுத்து வைச்சது நான்தான்.

டெண்டர் திறக்கிற அண்டைக்கும் அதாலதான் நான் உள்ளுக்குப் போனன். இவர் வெளியில வேப்பமரத்துக்குக் கீழ மோட்டார் சைக்கிளோட நிண்டார். உள்ளுக்கு நானும் சிவரூபனும், மேசைக்கு அங்கால மிஸ்ஸும் செயலாளர் ஆனந்தராசா ஐயாவும். வேற ஒருத்தரும் போடல்ல. ஐயா கவரை வெட்டி விலைகளைச் சத்தமா வாசிச்சார். முதல் எங்கட விலை. பிறகு சிவரூபன்ர விலை.

சிவரூபன்ர விலை எங்கட விலையை விடக் குறைவு. கொஞ்சம்தான் குறைவு. ஆனா குறைவு குறைவுதானே.

எனக்கு விசர் வந்துட்டு. கதிரை பின்னால விழ எழும்பினன். "எவ்வளவு மிஸ் வாங்கினீங்க இவரிட்ட?" எண்டு கத்தினன். "பஸ் ஸ்ராண்டில வைச்சுப் பேசினதை நான் ரெண்டு கண்ணாலயும் கண்டன்! ஏழையள்ர றால் கசக்குது, பிக்கப்காரன்ர காசு இனிக்குதா?"

"தங்கச்சி, இருங்கோ" எண்டார் ஆனந்தராசா ஐயா.

"இல்லை ஐயா, அவ கேக்கட்டும்" எண்டா மிஸ். "எல்லாருக்கும் முன்னாலதான் திறந்தனாங்கள். எல்லாருக்கும் முன்னாலயே சொல்லுறன்." எங்கட தாளை என்ட பக்கம் திருப்பி வைச்சா. "சீமெந்து, கம்பி, கூலி எல்லாத்திலயும் உங்கட விலைதான் குறைவு றம்ஸியா. உங்கட வடிகானையும் பாத்தனான், நல்ல வேலை. இந்த ஒரு வரி இல்லையெண்டா இந்தக் கொந்தராத்து உங்களுக்குத்தான். ஏனைய செலவுகள் எண்டு போட்டிருக்கிறீங்கள். என்ன செலவு இது?"

கோவம் வந்தா எனக்கும் என்ட வாய்க்கும் சம்பந்தம் இல்ல.

"அது உங்களுக்குப் போட்டது!" எண்டன்.

சொன்ன பிறகுதான் என்ட காதில விழுந்தது. ஐயா பேனையைக் கீழ வைச்சார். மிஸ் என்னையே பாத்துக்கொண்டு இருந்தா.

"நான் கேட்டனானா?" எண்டா மெதுவா.

நான் நினைச்சு நினைச்சுப் பாக்கிறன். தேத்தண்ணி கேக்கல்ல. றால் கேக்கல்ல. ஒரு சொல்லுக் கூடக் கேக்கல்ல. அல்லாஹ்வே, அந்த மனிசி ஒண்டுமே கேக்கல்ல.

சிவரூபன் நிலத்தைப் பாத்துக்கொண்டு கதைச்சான். "அக்கா, அண்டைக்கு நானும் கேட்டுப் பாத்தனான்தான், மிஸ்ஸுக்கு என்ன செய்யவேணுமெண்டு. ஒண்டும் வேண்டாம், சரியான விலையைப் போடுங்கோ எண்டவ. பிக்கப்பிலயும் ஏறேல்ல, பஸ்ஸிலதான் போனவ. நான் நம்பினன்."

நம்பினானாம்! எனக்கு அவன்ர கன்னத்தில ஒண்டு குடுக்கவேணும் போல இருந்தது. அவன் என்ன பிழை செய்தான்? ஒண்டுமில்ல. அதுதான் எனக்குத் தாங்கல்ல.

"மிஸ், இப்ப அவ சொன்னதை எழுதுறதா?" எண்டு ஐயா கேட்டார். எழுதினா இனி எந்த டெண்டருக்கும் நாங்க போட ஏலாது. ஆரும் விளக்கப்படுத்தத் தேவையில்ல, எனக்கே தெரியும். நான் மிஸ்ஸைப் பாத்தன். அவ எங்கட தாளை ஒருக்கா மடிச்சு, திரும்ப விரிச்சு வைச்சா.

"எழுதத்தான் வேணும் ஐயா" எண்டா.

வெளியில வர, இவர் ஓடி வந்தார். "என்னவாம்? எவ்வளவு கேட்டவ?" எண்டுதான் முதல் கேள்வி.

"வீட்ட போவம்" எண்டன்.

கிண்ணியாப் பாலத்தில ஏறேக்கதான் பின்னாலிருந்து எல்லாத்தையும் சொன்னன். காத்துக்குப் பாதி கேக்காம, சைக்கிளை ஓரமா நிப்பாட்டித் திரும்பக் கேட்டார். திரும்பவும் சொன்னன். அந்தப் பத்து வீதத்தாலதான் தோத்தம் எண்டன். அதை நான் வாயால சொல்லிப்போட்டன் எண்டும் சொன்னன். என்னை ஏசுவார் எண்டு பாத்தன், ஏசல்ல. ஹெல்மட்டைக் கழட்டிக் கைபிடியில கொழுவினார்.

"இல்ல புள்ள" எண்டார். "இதுக்குள்ள வேற என்னமோ இருக்கு. ஒண்டுமே கேக்காம ஒருத்தி இருப்பாளா?"

சைக்கிளை எடுத்தார். ஏறி, அவர்ர சேட்டை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சன். அடுத்த மாசம் பிடிக்க ஆள் இருக்க மாட்டார்.