யாக்ஷாவின் தோள்

சவப்பெட்டியின் முன்பக்க வலது மூலை யாக்ஷாவின் தோளில் இருந்தது. தோளில் மடித்த துவாலை, அதன்மேல் அம்மா. ஸ்ப்ளிட் துறைமுகத்தில் விஸ் தீவுக்குப் போகும் கப்பலின் ஏறுபலகையில் அவன் ஒரு காலை வைத்தபோது காவல்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"இதுக்கு மேல வேணாம், தம்பி."

அதட்டலாகச் சொல்லவில்லை. வயதான மனிதர், அவரும் ஒரு தாய்க்குப் பிறந்தவர்தான். யாக்ஷா குனிந்து தோளை விலக்கினான். கப்பல் ஆள் ஒருவன் அந்த மூலையை வாங்கிக்கொள்ள, பெட்டி உள்ளே போனது. மகன் கரையிலேயே நின்றான்.

பின்னால் வந்த தங்கை வின்காவுக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"காலை ஏன் எடுத்தே? ஏறியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க?"

"அம்மாவையும் சேர்த்து இறக்கியிருப்பாங்க."

அவன் துவாலையை உதறி மடித்து அவள் கையில் வைத்தான். "அங்க என் இடத்துல யார் தூக்குறாங்களோ அவங்களுக்குக் குடு. பெட்டியோட விளிம்பு தோளை அறுக்குது."

கப்பல் கிளம்பிய பிறகும் வின்கா அந்தத் துவாலையைப் பைக்குள் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, ஒயின் ஜாடிகளுக்கும் தக்காளிக் கூடைகளுக்கும் நடுவே, பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

விஸ், கடற்படை தளம் போட்டிருக்கும் தீவு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் அங்கே காலடி வைக்க முடியாது. யாக்ஷா பத்தொன்பது வயதில், ராணுவத்துக்குக் கூப்பிடும் ஓலை வருவதற்கு முன்பே, துடுப்புப் படகில் இத்தாலிக்கு ஓடியவன். அப்புறம் அமெரிக்காவில் சூரைமீன் பிடிக்கும் வேலை. பழைய தாள்களோடு ஊர் திரும்பினால் ஜெயில். அதனால் அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கினான். பிறந்த நாட்டில் பயமில்லாமல் கால் வைக்கத்தான் அதை வாங்கினான், பிறந்த வீட்டுக் கதவு அதனாலேயே சாத்திக்கொண்டது. தீவில் பிறந்து அவனைப்போல் ஏமாந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

அவன் வரும்போதெல்லாம் அம்மா பெரினாதான் நெத்திலி அடைத்த ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு ஸ்ப்ளிட்டுக்குப் போவாள். இந்த முறை போன இடத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. "என்னை நீதான் தூக்கிட்டுப் போகணும்டா" என்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவனும் சரி என்று சொல்லிவிட்டான். வேறு என்ன சொல்வான்?

"நான் கேட்டேன் வின்கா," என்றான் கப்பலில் கூட வந்த அவள் கணவன் ஃபாபியான். கடற்படைப் பட்டறையில் இன்ஜின் பழுதுபார்ப்பவன். "ஒரு நாள், அடக்கத்துக்கு மட்டும்னு கேட்டேன். அதிகாரி சட்டப் புத்தகத்தை எல்லாம் புரட்டிப் பார்த்தார். அப்புறம் தன்னால முடியாதுன்னுட்டார்."

"உன் அதிகாரி."

"அந்தச் சம்பளத்துலதானே அடுப்பு எரியுது."

வின்கா மடியில் இருந்த துவாலையை நீவிவிட்டாள். அம்மா இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள். ஃபாபியானுக்கு அவள் வைத்த பெயர் 'கப்பற்படை மாப்பிள்ளை'. சாப்பாட்டுக்கு அவன் தாமதமாக வரும் நாளெல்லாம் ஆரம்பித்துவிடுவாள்: "நம்ம வளைகுடா ஆழமா இருக்கறது நம்ம தலையெழுத்து. இங்கிலீஷ்காரன் வந்தான், ஆஸ்திரியாக்காரன் வந்தான், இத்தாலிக்காரன் வந்தான், இப்ப நம்மாளே வந்துட்டான். எல்லாருக்கும் கப்பல் நிறுத்த இடம் வேணும். மலையைக் குடைஞ்சு கப்பலை ஒளிச்சு வச்சிருக்கானுங்க. என் பிள்ளை நிக்க மட்டும் இடமில்லை." பிறகு மருமகனின் தட்டில் பெரிய மீனாகப் பார்த்து வைப்பாள்.

தீவின் துறையில் சொந்தக்காரர்கள் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஃபாபியானோடு ஐந்து. பெட்டியைக் கரையில் இறக்கினார்கள், யாரும் தூக்கவில்லை. முன்பக்க வலது மூலை மகனுடையது. மகன் உயிரோடு இருக்கும்போது அந்த ஊரில் வேறொருவன் அதற்குத் தோள் கொடுப்பதில்லை. கொடுத்தால் அந்த மகனையும் செத்தவனாக்கியது போல. வின்காவின் கையில் துவாலையைப் பார்த்ததும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஃபாபியானின் கடற்படை அதிகாரி ஸ்டோயன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். உள்நாட்டு மலைக்காரர், இந்த ஊர் வழக்கம் தெரியாதவர். ஆறாவது ஆள் இல்லாமல் பெட்டி கிடக்கிறது என்று நினைத்துவிட்டார்.

"அனுமதிச் சீட்டுல என்னால கையெழுத்துப் போட முடியலம்மா," என்றார் வின்காவிடம். "தோள் குடுக்கலாமா?"

 ஃபாபியான் அவசரமாக, "சார், அந்த இடம்..." என்று தொடங்கினான்.

"தூக்கட்டும்," என்றாள் வின்கா. "அண்ணனை நிறுத்தினவர் இவர்தானே. அவன் பாரத்தை இவரே சுமக்கட்டும்."

துவாலையை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

வளைகுடாவை ஒட்டி, முனையில் இருக்கும் கிறிஸ்தவக் கோவில்வரை நடக்க வேண்டும். ஸ்டோயன் உயரமானவர், மற்றவர்களுக்காக முழங்காலை வளைத்தே நடந்தார். விளிம்பு அவருடைய சீருடையின் தோள்பட்டைக் கயிற்றில் பதிந்து, கழுத்தோரம் சிவந்திருந்தது. ஒரு தடவைகூட அவர் தோள் மாற்றவில்லை. பின்னால் நடந்த வின்காவுக்கு அந்தக் கழுத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அந்தத் துவாலையைக் கொடுத்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

கோவில் வாசலில் சாமியார் நின்றிருந்தார். ஸ்டோயன் படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல நான் வரக்கூடாதும்மா."

சாமியே இல்லை என்கிற அரசாங்கத்தின் சீருடையோடு கோவிலுக்குள் போனால் அவர் வேலைக்கே ஆபத்து, அது ஊருக்கே தெரியும். ஆனால் வின்காவின் காதில் காலையில் கேட்ட காவல்காரரின் குரல் திரும்பவும் ஒலித்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். ஏறுபலகையிலிருந்து காலை எடுத்தபோது அண்ணன் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.

அவள் துவாலையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். "விடுங்க."

"பொம்பளை தூக்குறதாடி?" என்றாள் சித்தி.

"யாக்ஷா தூக்குறான்னு வச்சுக்குங்க, சித்தி."

சாமியார் ஒதுங்கி வழிவிட்டார். பெட்டி கனத்தது. ஆறுபடிதான் ஏறினாள், கண்ணில் நீர் முட்டியது, துக்கத்தாலா வலியாலா என்று அவளுக்கே தெரியவில்லை. பூசை முடிந்து குழிவரையும் அவளே தூக்கினாள்.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது ஸ்டோயன் அதே இடத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். சாயங்காலக் கப்பலில் ஸ்ப்ளிட்டுக்கு ஒரு கூட்டத்துக்குப் போவதாகவும், அதற்குள் அவளிடம் சொல்லிக்கொண்டு போகக் காத்திருந்ததாகவும் சொன்னார்.

வின்கா தோளிலிருந்து துவாலையை எடுத்தாள். வியர்வையும் கல்லறை மண்ணும் பட்டிருந்தது. உதறாமல் மடித்தாள்.

"என் அண்ணன் ஸ்ப்ளிட் துறையை விட்டு நகர்ந்திருக்க மாட்டான். இதை அவன் கையில குடுங்க. துவைக்கலைன்னு சொல்லுங்க."

"யார் தூக்கினாங்கன்னு கேட்டா?"

"கோவில் வாசல்வரைக்கும் யார்னு நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் நான்னு சொல்லுங்க."

அவர் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பையில் வைக்கவில்லை. தண்ணீர் ஓரமாகத் துறையை நோக்கி அவர் நடப்பதை வின்கா பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்படைத் தளத்தின் வாசலில் நின்ற சிப்பாய் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். அவர் இரண்டு கையும் துவாலையில் இருந்தது. பதில் சல்யூட் அடிக்காமலே அவனைத் தாண்டிப் போனார்.